குப்பைமேட்டில் இரண்டு பெயர்கள்

அத்தியாயம் 9

போலீஸ்காரர்கள் வந்து, துணி துவைக்கும் அறையிலிருந்த கணினியை எடுத்துக்கொண்டு போய்ப் பதினோரு நாளாகியிருந்தது. அது இருந்த மேசைமேல் லினெட் இப்போது சலவைத்தூள் டப்பாவை வைத்திருந்தாள். முன்பெல்லாம் அதைக் குனிந்து எடுக்க வேண்டியிருந்தது. இப்போது கைக்கு எட்டுகிறது.

இந்தப் பதினோரு நாளில் ட்ரெலோர் வீட்டில் யாரும் அழவில்லை. யாரும் கத்தவும் இல்லை. மூன்று பேரும் நேரத்துக்குச் சாப்பிட்டார்கள், நேரத்துக்குத் தூங்கப் போனார்கள்.

பர்னி சின்ன ஊர். பக்கத்து ஊரான வின்யார்ட் வழித்தடத்தில் பதினாறு வருடமாகப் பள்ளிப் பேருந்து ஓட்டுகிற ரஸ் ட்ரெலோர், ஏறுகிற ஒவ்வொரு பிள்ளைக்கும் பெயர் சொல்லிக் காலை வணக்கம் சொல்கிற ரஸ் ட்ரெலோர், 'குப்பைமேடு' என்ற இணைய மன்றத்தில் 'ஈரத்தீக்குச்சி' என்ற பெயரில் ஒளிந்திருந்தவர் என்று பத்திரிகையில் வந்த அன்றே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. பண்ணை வண்டி கவிழ்ந்து இறந்துபோன டோபின் என்ற பத்தொன்பது வயதுப் பையனுக்காக அவன் தாய் ஒரு நினைவுப் பக்கம் வைத்திருந்தாள். அந்தப் பக்கத்தில் போய், இறந்தவனே பேசுவது போல நாற்பத்து மூன்று பதிவுகள் எழுதியவர் இவர். 'அம்மா, இங்கே மண் ரொம்பக் கனமாக இருக்கிறது' என்பது அவற்றில் ஒன்று.

பேருந்து நிறுவனம் அவரை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டது. இன்று, புதன்கிழமை, முதல் முறையாக நீதிமன்றத்தில் நிற்க வேண்டும்.

லினெட் கணவரின் வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டாள். காலர், தோள், கை, முதுகு. முப்பது வருடப் பழக்கம், கை தானாக நகர்ந்தது. ரஸ் பனியனோடு வந்து நின்று, டை கட்ட வேண்டுமா என்று கேட்டார். கட்டினால் நல்லது என்றாள். எந்த டை என்று கேட்டார். அவரிடம் இருந்ததே இரண்டு டைதான். ஒன்று கல்யாணத்துக்கு, ஒன்று சாவுக்கு.

"நீலம் போட்டுக்கோ" என்றாள்.

மகள் மெரின் மேசையில் உட்கார்ந்து டோஸ்டில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். பதினெட்டு வயது. பள்ளியை முடித்துவிட்டுச் செடிப்பண்ணையில் வேலைக்குப் போகிறாள். இன்று அவளுக்கு விடுமுறை. நீதிமன்றத்துக்கு அவள் வர வேண்டாம் என்று ரஸ் சொன்னார். தான் வருவதாகவே இல்லை என்று அவள் சொன்னாள். கோபமாகச் சொல்லவில்லை. கடையில் சில்லறை இல்லை என்று சொல்வது போலச் சொன்னாள்.

எட்டரை மணிக்கு அவர்கள் காரை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். மெரின் தட்டுகளை அடுக்கினாள். அப்பாவின் தட்டுக்கு அடியில் ஒரு காகிதம் இருந்தது. வக்கீல் அனுப்பியிருந்த நகல். ஓரத்தில் ஜாம் பட்டிருந்தது. துடைப்பதற்காக எடுத்தவள் கண்ணில் நடுவில் இருந்த ஒரு வரி பட்டது.

'குற்றம் சாட்டப்பட்டவர் மேற்படி மன்றத்தில் இரண்டு பெயர்களைப் பயன்படுத்தியதாக ஒப்புக்கொள்கிறார். ஒன்று, ஈரத்தீக்குச்சி. இரண்டு, பழைய கம்பளி.'

முதல் பெயர் பத்திரிகையில் வந்தது. இரண்டாவது பெயரைப் பற்றி இதுவரை யாரும் ஒரு வார்த்தை பேசியதில்லை.

மெரின் காகிதத்தை மேசைமேல் வைத்தாள். தட்டுகளைக் கழுவினாள். மூன்றையும் துடைத்து உள்ளே வைத்தாள். பிறகு வந்து மறுபடியும் படித்தாள். அதே பெயர்தான் இருந்தது.

பழைய கம்பளி யார் என்று அவளுக்குத் தெரியும். அல்லது, தெரியும் என்று இரண்டு வருடமாக நினைத்துக்கொண்டிருந்தாள்.

அப்போது அவளுக்குப் பதினாறு. கூடப் படித்த பெண்கள் ஒரே வாரத்தில் அவளோடு பேசுவதை நிறுத்தியிருந்தார்கள். ஏன் என்று இன்று வரை தெரியாது. மதிய இடைவேளையைக் கழிவறையில் கழித்தாள். கையில் போன் இருந்தது. அப்படித்தான் குப்பைமேட்டுக்குள் போனாள்.

அங்கே யாருக்கும் முகம் கிடையாது, ஊர் கிடையாது. எவன் எழுதியதற்கு அதிகம் பேர் சிரிக்கிறார்களோ, அன்றைக்கு அவன்தான் ராஜா. அதற்கென்று தனிப் பேச்சும் இருந்தது. புதிதாக வந்தவன் 'மூட்டை'. மனசு விட்டு எழுதுகிறவன் 'கசிகிறவன்'. யாராவது கசிந்தால் செய்தி பரவும், நூறு இருநூறு பேர் கூடிவிடுவார்கள். மூட்டையைப் பிரித்து, உள்ளே இருப்பதை ஆளுக்கொன்றாக எடுத்து வீசுவார்கள். யாரும் யாரையும் வெறுக்கவில்லை. வெறுத்துக்கொள்ளும் அளவுக்கு யாருக்கும் யாரையும் தெரியாது.

மெரினும் சிரித்திருக்கிறாள். அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. 'இங்கே மண் ரொம்பக் கனமாக இருக்கிறது' என்ற வரியை ஈரத்தீக்குச்சி மன்றத்திலும் போட்டபோது அவளும் பார்த்தாள். கழிவறைக் கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டு சிரிப்புப் பொத்தானை அழுத்தினாள். ஈரத்தீக்குச்சி எழுதினால் எல்லோரும் அழுத்துவார்கள்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளே கசிந்தாள். மழை பெய்துகொண்டிருந்த மதியம். அம்மா வெளியே போயிருந்தாள். 'ஒற்றைக் காலுறை' என்று பெயர் வைத்துக்கொண்டு எழுதினாள்: 'நான் இல்லாமல் போனால் அது மற்றவர்களுக்குத் தெரிய எத்தனை நாளாகும் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.'

நான்கு நிமிடத்தில் ஈரத்தீக்குச்சியிடமிருந்து பதில் வந்தது.

'எங்கள் தெருவுக்கு வியாழக்கிழமைதான் குப்பை வண்டி வரும். அதற்கு முன்னால் முடித்தால் வசதி.'

இருநூற்றுப் பதினொரு பேர் சிரித்தார்கள். மெரின் அந்த எண் ஏறுவதைப் படுக்கையில் கிடந்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். அழுகை வரவில்லை. கை கால் தன்னுடையது இல்லை என்பது போல இருந்தது. அவன் சொல்வதில் நியாயம் இருப்பதாகக்கூடத் தோன்றியது.

அப்போதுதான், இன்னும் ஆறு நிமிடம் கழித்து, பழைய கம்பளி எழுதினார்.

'மற்றவர்களை விடு. நீ இப்போது எழுந்து ஒரு டம்ளர் தண்ணீர் குடி. பிறகு, வீட்டில் யார் இருக்கிறார்களோ அவர் பக்கத்தில் போய் உட்கார். எதுவும் சொல்ல வேண்டாம். உட்கார்ந்தால் போதும். இன்றைக்கு அவ்வளவுதான் உன் வேலை.'

அவள் எழுந்தாள். தண்ணீர் குடித்தாள். வீட்டில் அப்பா மட்டும்தான் இருந்தார். துவைக்கும் அறைக் கதவைத் திறந்தாள். கணினி முன்னால் இருந்தவர் திரும்பிப் பார்த்துத் திரையை அணைத்தார். என்ன கண்ணு, குளிருதா என்று கேட்டார். ஆமாம் என்றாள். துணி உலர்த்தும் இயந்திரத்தில் சூடாக இருந்த துண்டுகளை எடுத்து அவள் மடியில் போட்டார். இருவரும் உட்கார்ந்து மடித்தார்கள். அவர் ஒன்றும் கேட்கவில்லை, அவளும் ஒன்றும் சொல்லவில்லை. அன்றைக்கு அவள் பிழைத்தது அப்படித்தான்.

பழைய கம்பளியின் வார்த்தைகளை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி, பர்ஸில் ஓட்டுநர் உரிமத்துக்குப் பின்னால் வைத்திருந்தாள். ஓய்வு பெற்ற நர்ஸாக இருக்க வேண்டும் என்று நினைத்திருந்தாள். எங்கோ தெற்கே ஹோபார்ட் நகரத்துப் பக்கம், தனியாக, ஒரு கிழட்டுப் பூனையோடு. ஒரு வருடம் கழித்து நன்றி எழுதினாள். பதில் வரவில்லை. இறந்திருப்பார் என்று எண்ணி அன்று முழுக்க வருத்தமாக இருந்தாள்.

இப்போது சோபாவில் உட்கார்ந்து போனில் அந்தப் பழைய பக்கத்தைத் தேடி எடுத்தாள். அப்படியே இருந்தது. மூன்று பன்னிரண்டுக்கு அவள். மூன்று பதினாறுக்கு ஈரத்தீக்குச்சி. மூன்று இருபத்திரண்டுக்குப் பழைய கம்பளி. அதற்கும் கீழே, அவள் துண்டு மடித்து முடித்துவிட்டுப் படுக்கப் போன பிறகு, இருவரும் சண்டை போட்டிருந்தார்கள். முப்பத்திரண்டு பதிவுகள். நீ மனிதனா என்று கம்பளி கேட்டிருந்தார். நீ கிழவியா என்று தீக்குச்சி கேட்டிருந்தது. கூட்டம் இரண்டாகப் பிரிந்து கை தட்டியிருந்தது.

தனக்காக ஒருவர் சண்டை போட்டார் என்பது அவளுக்கு இரண்டு வருடமாகப் பெரிய விஷயமாக இருந்தது.

மெரின் பேனா எடுத்து வந்தாள். வக்கீலின் காகிதத்தைத் திருப்பி, பின்பக்கத்தில் நேரங்களை எழுதத் தொடங்கினாள். பிறகு இரண்டு பெயர்களையும் தேடும் கட்டத்தில் போட்டாள். ஒருவர் எழுதிய இடத்தில் மற்றவரும் எழுதியிருக்கிறாரா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

நீதிமன்றத்தில் அவர்களுக்கு முன்னால் ஒருவர் சட்டம் அனுமதித்த அளவைவிடச் சின்ன நண்டு பிடித்ததற்காக நின்றார். அதற்குப் பதினைந்து நிமிடம் ஆனது. ரஸ்ஸுக்கு எட்டு நிமிடம்தான் ஆனது.

லினெட் பின்வரிசையில் உட்கார்ந்து அவருடைய கழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முடி வெட்டியிருக்கலாம் என்று தோன்றியது. அரசு வழக்கறிஞர் பதிவுகளில் நான்கை மட்டும் வாசித்தார். வாசிக்கும்போது அவர் குரலில் ஏற்ற இறக்கம் இல்லை. பேருந்து நேரம் வாசிப்பது போல இருந்தது. அப்படி வாசித்தபோதுதான் அவை மனிதர் எழுதியவை என்று லினெட்டுக்கு உறைத்தது. உறைத்ததே தவிர, அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை.

வழக்கு ஆறு வாரத்துக்குத் தள்ளிவைக்கப்பட்டது. அதுவரை இணையம் கூடாது, டோபின் குடும்பத்தின் அருகில் போகக்கூடாது. புரிகிறதா என்று நீதிபதி கேட்டார். புரிகிறது, மேடம் என்றார் ரஸ். பிள்ளைகளின் பெற்றோரிடம் பேசும் அதே மரியாதையான குரல்.

அவர் வக்கீலோடு போய்க் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது லினெட் வெளித் தாழ்வாரத்தில் நின்றாள். கண்ணாடி வழியாகத் துறைமுகம் தெரிந்தது. கப்பலுக்காகக் குவித்திருந்த மரச்சில்லுகளின் மேல் மேற்குக் காற்று புழுதி கிளப்பிக்கொண்டிருந்தது.

ஐம்பது வயதிருக்கும் ஒரு பெண் அருகில் வந்து நின்றாள். பண்ணை வேலைக்குப் போடும் தடித்த மேல்சட்டை. கையில் நீலக் கோப்பு.

"நீங்க அவரோட வீட்டம்மாவா?"

"ஆமா."

"நான் நொரீன். டோபினோட அம்மா."

லினெட் பத்திரிகையில் அவள் படத்தைப் பார்த்திருந்தாள். நேரில் இன்னும் குள்ளமாக இருந்தாள். சண்டை போட வரவில்லை என்று நொரீன் சொன்னாள். சண்டைக்கு வேண்டிய தெம்பெல்லாம் முதல் வருடத்திலேயே தீர்ந்துவிட்டதாம். இந்தக் கோப்பில் நாற்பத்து மூன்றும் இருக்கின்றன, ஒவ்வொன்றாக அச்செடுத்துத் தேதி போட்டு வைத்தேன் என்றாள். அவை அழிக்கப்படுவதற்கு முன்னால் எடுக்க வேண்டியிருந்ததால், நடு மதியம் மாட்டுக்கு நடுவில் நின்றுகொண்டு போனைப் பார்த்துக்கொண்டே இருப்பாளாம்.

"உங்கள ஒண்ணே ஒண்ணு கேக்கணும். ரெண்டு வருஷத்துக்கு மேல மனசுல கெடக்குது."

"கேளுங்க."

"எழுதும்போது சிரிப்பாரா? சத்தம் கேக்குமா உங்களுக்கு?"

லினெட் யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள். துவைக்கும் அறைக் கதவு மூடியிருக்கும். உள்ளே இயந்திரம் ஓடும். அதையும் மீறி ஏதாவது கேட்டதா என்று ஒவ்வொரு மாலையாக நினைத்துப் பார்த்தாள்.

"இல்லைங்க. ஒரு தடவகூட கேட்டதில்ல."

நொரீன் தலையை ஆட்டினாள்.

"சிரிச்சிருப்பாருன்னுதான் நெனச்சிட்டிருந்தேன். சிரிச்சிருந்தாக்கூட..." என்று சொல்லிவிட்டு நிறுத்தினாள். "சரி. மாடு கறக்கப் போகணும்."

மன்னிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும் என்று லினெட்டுக்குத் தெரியும். அந்த வார்த்தை வாய்வரை வந்தது. அதைச் சொன்னால் அந்தப் பெண் ஏதாவது பதில் சொல்ல வேண்டியிருக்கும். அந்தச் சுமையையும் அவள் தலையில் வைப்பானேன் என்று இருந்தது.

"காத்து அதிகமா இருக்கு. பாத்து ஓட்டிட்டுப் போங்க" என்றாள்.

திரும்பும் வழியில் ரஸ் பசிக்கிறது என்றார். அடுமனையில் நிறுத்தி இருவரும் சிப்பிக்கறி அடைத்துச் சுட்ட அப்பம் ஆளுக்கொன்று வாங்கிக் காருக்குள்ளேயே உட்கார்ந்து தின்றார்கள். கடையில் இருந்த பெண் ஒரு காலத்தில் அவருடைய பேருந்தில் வந்தவள். சட்டென்று சிரித்து, பெயர் சொல்லி வணக்கம் சொன்னாள். பிறகு நினைவு வந்து மீதிச் சில்லறையை மேசைமேல் வைத்துவிட்டு உள்ளே போனாள். கறியில் உப்பு குறைவு என்றார் ரஸ். லினெட்டுக்கு உப்பும் தெரியவில்லை, உறைப்பும் தெரியவில்லை.

அவர்கள் வீட்டுக்கு வந்தபோது மூன்றரை மணி. லினெட் காரை நிறுத்திவிட்டுக் குப்பைத் தொட்டியைத் தெருவோரம் தள்ளப் போனாள். ரஸ் டையைத் தளர்த்திக்கொண்டே சமையலறைக்குள் நுழைந்தார்.

மெரின் மேசையில் உட்கார்ந்திருந்தாள். முன்னால் இரண்டு காகிதம். ஒன்று வக்கீலுடையது, திருப்பி வைக்கப்பட்டு எழுத்தால் நிறைந்திருந்தது. இன்னொன்று நான்காக மடித்துப் பிரித்த பழைய துண்டுக் காகிதம்.

"அப்பா, உக்காரு."

உட்கார்ந்தார். துண்டுக் காகிதத்தை அவர் பக்கம் தள்ளினாள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். தண்ணீர் குடி, யார் பக்கத்திலாவது போய் உட்கார். மெதுவாகப் படித்துவிட்டு, நன்றாக இருக்கிறது, யார் எழுதியது என்று கேட்டார்.

"நீதான்."

அவர் மறுபடி படித்தார்.

"பழைய கம்பளி நீதானே?"

"ஆமா."

"ஒற்றைக் காலுறை நான்."

ரஸ் அவளைப் பார்த்தார். முகத்தில் ஒன்றும் மாறவில்லை. வழியில் நின்று முகவரி கேட்கிறவரைப் பார்ப்பது போலப் பார்த்தார். அவருக்கு அந்தப் பெயர் நினைவில்லை என்று மெரினுக்குப் புரிய சற்று நேரம் ஆனது. அவள் போனை எடுத்து அந்தப் பக்கத்தைக் காட்டப் போனாள். நீதிமன்றத்தில் இணையத்துக்குத் தடை போட்டிருப்பதாக ரஸ் சொன்னார், அதனால் அவளே வாசித்துக் காட்டினாள். தான் எழுதியதை வாசித்தாள். வியாழக்கிழமைக் குப்பை வண்டியை வாசித்தாள். நேரங்களைச் சொன்னாள். அந்த ஞாயிற்றுக்கிழமை, மழை, மடியில் போட்ட சூடான துண்டுகள் எல்லாவற்றையும் சொன்னாள்.

"துண்டு மடிச்சது ஞாபகம் இருக்கு" என்றார் ரஸ்.

"இது?"

"இல்ல கண்ணு. நெறைய எழுதியிருக்கேன்."

திறந்தே கிடந்த தோட்டக் கதவருகே யாரோ நகரும் சத்தம் கேட்டது. மெரின் திரும்பவில்லை.

எதற்காக இரண்டு பெயர் என்று கேட்டாள். அவர் கண்ணாடியைக் கழற்றி டையின் நுனியால் துடைத்தார். அவர் பொய் சொல்ல முயலவில்லை. அதுதான் அவளுக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது. வண்டியின் கோளாறை மெக்கானிக்கிடம் விளக்குவது போல நிதானமாகச் சொன்னார். ஒரு பக்கத்திலிருந்து மட்டும் எழுதினால் பத்து நிமிடத்தில் சப்பென்று போய்விடும். எதிர்த்துப் பேச ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளும் நன்றாகப் பேச வேண்டும், நல்லவராக இருக்க வேண்டும், அப்போதுதான் ஆட்கள் கட்சி பிரிவார்கள். வேறு யாரும் அப்படி வரவில்லை என்பதால் தானே வந்ததாகச் சொன்னார்.

"காலையிலேர்ந்து அறுபது பிள்ளைங்களுக்கு வணக்கம் சொல்றேன். எல்லாருகிட்டயும் சிரிக்கிறேன். அங்க போனா நான்னு ஒருத்தன் இல்ல. அது நல்லா இருந்துச்சு. அவ்வளவுதான்."

"தண்ணி குடின்னு எழுதினியே, அப்ப நிஜமா நெனச்சு எழுதினியா?"

அவர் கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டார்.

"நல்லா எழுதணும்னு நெனச்சேன்."

மெரின் எழுதி வைத்திருந்த பக்கத்தைப் பார்த்தாள். காலையிலிருந்து ஏழு மணி நேரம் தேடியதில் அறுபத்தெட்டுப் பேர் கிடைத்திருந்தார்கள். அறுபத்தெட்டுப் பேர் கசிந்திருந்தார்கள், அறுபத்தெட்டுப் பேருக்கும் ஈரத்தீக்குச்சி பதில் எழுதியிருந்தது. அவர்களில் ஐம்பத்தைந்து பேருக்கு, ஐந்து பத்து நிமிடத்துக்குள் பழைய கம்பளியும் வந்திருந்தார். மீதிப் பதின்மூன்று பேருக்கு வரவில்லை. அவர்கள் பெயர்களைத் தனியாக எழுதிச் சுற்றிலும் கோடு போட்டிருந்தாள்.

"இந்தப் பதிமூணு பேருக்கு மட்டும் கம்பளி வரல. தீக்குச்சி எழுதினதோட நின்னு போச்சு. ஏன்?"

ரஸ் காகிதத்தை இழுத்து எட்டிப் பார்த்தார். பெயர்களை மேலிருந்து கீழே விரலால் தொட்டுக்கொண்டே வந்தார். எதுவும் நினைவுக்கு வராதது போலத் தலையசைத்தார். பிறகு, காரணம் இவ்வளவு சாதாரணமாக இருப்பது அவருக்கே லேசான ஆச்சரியமாக இருந்த மாதிரி சொன்னார்.

"சில நாள் நடுவுல உங்கம்மா சாப்பிடக் கூப்பிட்டிருவா."

லினெட் வாசற்படியில் நின்றிருந்தாள். எப்போதிலிருந்து நிற்கிறாள் என்று தெரியவில்லை. கையில் தோட்டத்து உறை மாட்டியிருந்தாள்.

ரஸ் அவளைப் பார்த்தார், பிறகு மகளைப் பார்த்தார். அதன் பிறகு தான் சொன்னது என்னவென்று கேட்டுக்கொண்டவர் போல வாயை மூடிக்கொண்டார். எழுந்து, நாற்காலியை மேசைக்குள் தள்ளி வைத்துவிட்டு, சட்டையை மாற்றிக்கொண்டு வருவதாகச் சொல்லி உள்ளே போனார். படுக்கையறைக் கதவு மூடியது. அந்தப் பக்கம் எந்தச் சத்தமும் இல்லை.

லினெட் உறைகளைக் கழற்றினாள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள், நகக்கண்களைத் தேய்த்தாள். தன் மகள் பதினாறு வயதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் என்ன நினைத்துக்கொண்டு அந்த அறைக் கதவைத் திறந்தாள் என்பதை இப்போதுதான் அவள் கேட்டிருந்தாள். அதைப் பற்றிப் பேச வேண்டும். மெரினைக் கட்டிப்பிடிக்க வேண்டும். இரண்டும் செய்ய வேண்டியவை என்று தெரிந்தது. தண்ணீர் சூடாக வந்துகொண்டிருந்தது, கை சிவந்துவிட்டது. குழாயை மூடினாள்.

அன்று மதியம் தான் எங்கே போயிருந்தோம் என்று நினைத்துப் பார்த்தாள். நினைவுக்கு வரவில்லை.

நாற்காலியை இழுத்து மகள் பக்கத்தில், தோள் படுகிற மாதிரி, உட்கார்ந்தாள். மெரினின் தோள் இறுக்கமாக இருந்தது. விலகவும் இல்லை, சாயவும் இல்லை.

"போலீஸுக்கு இது தெரியுமா?" என்று லினெட் கேட்டாள்.

தெரியாது என்றாள் மெரின். அவர்கள் டோபின் பக்கத்தை மட்டும்தான் பார்த்திருக்கிறார்கள். இது அவர்கள் தேடாத இடம். சொன்னால் அப்பாவின் வழக்கு வேறு மாதிரி ஆகிவிடும். சொல்லாவிட்டால் இந்தப் பதின்மூன்று பேரைப் பற்றி யாருமே கேட்கப் போவதில்லை.

லினெட் உள்ளறைப் பக்கம் ஒரு முறை பார்த்தாள். பிறகு காகிதத்தைத் தன் பக்கம் நகர்த்தினாள்.

"முத பேரு என்ன?"

"'மூணாவது படி.' போன வருஷம் ஆகஸ்ட்."

"அதுக்கப்பறம் எழுதியிருக்காங்களா பாரு."

மெரின் பெயரைத் தட்டினாள். பக்கம் மெதுவாகத் திறந்தது. அந்த ஆகஸ்ட் மாதத்து மாலை ஆறு மணி பத்து நிமிடம் வரை வரிசையாகப் பதிவுகள் இருந்தன. அதற்கு மேல் எதுவும் இல்லை. மேலும் கீழுமாக இரண்டு முறை நகர்த்திப் பார்த்தாள்.

"இல்லம்மா."

சாப்பாட்டு நேரம் இந்த வீட்டில் ஆறேகால். லினெட் கைகளை மேசைமேல் வைத்து, அது அங்கேதான் இருக்கிறதா என்று பார்ப்பது போல அழுத்தினாள்.

"எந்த ஊருன்னு எங்கயாவது சொல்லியிருக்கா?"

மெரின் பழைய பதிவுகளை ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டு போனாள். நாய், தேர்வு, குளிர், பேருந்து தாமதம். ஒரு இடத்தில் விரல் நின்றது. அவள் போனை அம்மாவிடம் கொடுத்தாள்.

வின்யார்ட் என்று எழுதியிருந்தது. ரஸ் பதினாறு வருடமாகப் பேருந்து ஓட்டுகிற ஊர்.